நினைவுச் சுவரில் அத்தனை பெயர்கள் எதற்கு?

நவம்பர் 9, வாசகர் ஒருவரின் கேள்வி

டெல்லியில் தேசியப் போர் நினைவகத்துக்குப் போய் வந்தேன். வட்ட வட்டமாகச் சுவர்கள், 25,000க்கு மேல் பெயர்கள். யாரும் நின்று படிக்கவில்லை. நானும்தான். இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஒரு தூண், ஒரு தீபம், "நாட்டுக்காக உயிர் கொடுத்த அனைவருக்கும்" என்று ஒரு வரி, இது போதாதா? இத்தனை பெயரைச் செதுக்கும் செலவை அந்தக் குடும்பங்களுக்கே கொடுத்துவிடலாமே?

நவம்பர் 9, இரவு

போதாது. அந்த ஒரு வரியில் என் நண்பன் இல்லை.

1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் இறந்தவன். நானும் அவனும் ஒரே பட்டாலியன். டெல்லியில் அவன் பெயர் இருக்கிறது, டோலோலிங் அடிவாரத்தில் திராஸ் நினைவகத்திலும் இருக்கிறது. நீங்கள் படிக்காமல் நகர்ந்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. 25,000 பெயரை ஒரே ஆள் நின்று படிக்க முடியாது, யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. ஒவ்வொரு பெயரையும் தேடி வருகிறவர்கள் நாலு பேர் இருப்பார்கள். சுவர் அவர்களுக்காக நிற்கிறது. நீங்கள் போன நேரத்தில் அவர்கள் வராமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

செலவு விஷயம். பென்ஷன், பிள்ளைகள் படிப்பு, வீடு, இதெல்லாம் அரசின் கடமை. கல்லை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் செய்தே தீரவேண்டியது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைக்கும் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பணம் முழுதாக வந்து சேர்ந்து, அப்புறம் வாசலில் ஒரு ஆள் எட்டிப் பார்க்காத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 10, காலை

நேற்று அவசரத்தில் எழுதியது. இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சிப்பாயின் பெயரைக் கல்லில் எழுதுவது ராணுவங்களின் வழக்கமாக எப்போதும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் பெரும்பாலும் தளபதிக்குச் சிலை, சிப்பாய்க்குப் பொதுக்குழி. முதல் உலகப் போர்தான் இதை மாற்றியது. 1914இல் பிரான்சில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவு ஒன்றை நடத்திக்கொண்டிருந்த ஃபேபியன் வேர் என்பவர், புதைத்த இடங்களை யாருமே ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை என்பதைக் கவனித்தார். தானே பதிவு செய்ய ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்து 1917 மே 21இல் உருவானதுதான் இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்.

அந்த ஆணையம் வைத்த விதி கறாரானது. ஜெனரலின் மகனாக இருந்தாலும் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவனாக இருந்தாலும் ஒரே அளவுக் கல், 2 அடி 8 அங்குல உயரம். உடலை ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடையாது. பணக்காரர்கள் மட்டும் கொண்டுபோவார்கள், ஏழைகளால் முடியாது என்பதுதான் காரணம்.

இதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று மகன்களைப் பறிகொடுத்த புளோரன்ஸ் செசில் என்ற தாய், கல்லுக்குப் பதிலாகச் சிலுவையாவது வைக்கவிடுங்கள் என்று ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு விண்ணப்பம் கொடுத்தார். 1920 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதற்காகவே விவாதம் நடந்தது. ஆணையம் அசையவில்லை.

நான் ஆணையத்தின் பக்கம். ஆனால் அந்தத் தாய் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று பேர்.

நவம்பர் 10, மாலை

ஒருவர் கேட்கிறார்: எல்லாக் கல்லும் ஒரே மாதிரி என்றால் குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு?

ஒரு வரி உண்டு. கல்லின் அடியில் குடும்பம் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம், 66 எழுத்துக்குள், இடைவெளியையும் சேர்த்து. முதலில் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி என்று கட்டணம் வைத்தார்கள். ஏழைகளுக்கு அது பாரம் என்று எதிர்ப்பு வந்ததும், விரும்பினால் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். நியூசிலாந்து மட்டும் இந்த வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஒருவன் கல்லில் வரி இருந்து பக்கத்துக் கல்லில் இல்லாவிட்டால் சமத்துவம் எங்கே என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல் ஒன்றுபோல் இருக்கட்டும், வரி அவரவருடையதாக இருக்கட்டும்.

உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் பற்றி, 66 எழுத்துக்குள். நான் என் நண்பனுக்கு எழுதிப் பார்த்தேன். "தைரியசாலி", "தேசபக்தன்" என்று ஆரம்பித்த எதுவும் அவனைப் போல இல்லை. கடைசியில் தேறியது இதுதான்: "டீயில் சர்க்கரை குறைந்தால் சண்டைக்கு வருவான்." இது கல்லில் இருந்தால் அவனை அறிந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்று சிரிப்பார்கள். அவனும்தான் முதலில் சிரிப்பான்.

நவம்பர் 11

முதல் உலகப் போர் முடிந்த தேதி இது, அதற்காக ஒரு குறிப்பு. "யார் படிக்கிறார்கள்" என்ற கேள்விக்குப் பதிலை இரண்டு ஊர்களில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பெல்ஜியத்தில் ஈப்பர் நகரம். அங்கே மெனின் வாயில் என்ற வளைவு, 1927இல் திறந்தது. முதல் உலகப் போரில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இறந்து, கல்லறை எதுவென்றே தெரியாமல் போன 54,000க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் உள்ளே இருக்கின்றன. இந்தியர்களும் அதில் உண்டு. இத்தனை பெரிய வளைவிலும் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு காணாமல் போனவர்களில் கிட்டத்தட்ட 35,000 பேரின் பெயரை டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் வேறு சுவர் எழுப்பித்தான் எழுதினார்கள்.

1928இலிருந்து அங்கே இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு லாஸ்ட் போஸ்ட், அதாவது இறந்த வீரர்களுக்கான இறுதி மரியாதை எக்காளம், ஊதுகிறார்கள். ஊதுகிறவர்கள் ராணுவத்தார் கிடையாது, உள்ளூர்த் தீயணைப்புப் படையின் தன்னார்வலர்கள். மழையானாலும் பனியானாலும், கேட்க ஆளே இல்லாவிட்டாலும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த நாட்களில் மட்டும் அங்கே நின்றுபோய் இங்கிலாந்தின் புரூக்வுட்டில் தொடர்ந்தது. 1944 செப்டம்பர் 6, ஊர் விடுதலை ஆன அதே மாலை, நகரின் வேறு பகுதிகளில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே வளைவுக்குக் கீழே மறுபடியும் ஊதினார்கள்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில் கான்பெரா போர் நினைவகம். வெண்கலப் பலகைகளில் 1,03,000 பெயர்கள். 2013இலிருந்து அங்கே மாலையில் கதவை மூடும் முன் ஒரே ஒரு பெயரை எடுத்து, அவர் யார், எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எப்படி இறந்தார் என்று வாசிக்கிறார்கள். மறுநாள் வேறொருவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாரையும் வாசித்து முடிக்க 280 ஆண்டுக்கு மேல் ஆகும். அது தெரிந்துதான் ஆரம்பித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. நம் டெல்லி நினைவகத்திலும் மாலையில் வீரமரணம் அடைந்த ஒருவரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி உண்டு. கேள்வி கேட்ட நண்பர் பகலில் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை சாயங்காலம் போங்கள்.

நவம்பர் 12

"பெயர் தெரியாத வீரர்" என்ற ஒரே கல்லறையே எல்லாருக்கும் போதுமே என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லறையை நானும் மதிக்கிறேன். 1920 நவம்பர் 11இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் யாரென்று தெரியாத ஒருவரை அடக்கம் செய்தார்கள். அதே நாளில் பாரிஸ் வெற்றி வளைவுக்கும் அப்படி ஒருவரைக் கொண்டுவந்து, 1921 ஜனவரியில் அடக்கம் செய்தார்கள். உடல் கிடைக்காத எந்தத் தாயும் "இது என் மகனாக இருக்கலாம்" என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. அதற்காக அது வேண்டியிருந்தது. ஆனால் பெயர் தெரியாமல் போனதற்கான ஆறுதல் அது. பெயர் தெரிந்தவர்களை அதற்குள் போட்டு மூடிவிட முடியாது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் வியட்நாம் போரின் பெயர் தெரியாத வீரர் என்று ஒருவரை 1984இல் பெரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவர் யார் என்பதற்குத் தடயம் இருக்கிறது என்று குடும்பம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. 1998இல் தோண்டி எடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்தார்கள். 1972இல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாஸி. குடும்பம் அவரைக் கொண்டுபோய்ச் சொந்த ஊர் ராணுவக் கல்லறையில் அவர் பெயரிலேயே அடக்கம் செய்தது. ஆர்லிங்டனில் அந்தக் குழியை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார்கள். நாட்டின் ஆக உயர்ந்த கௌரவம் கிடைத்த இடம் அது, அங்கேயே இருக்கட்டும் என்று அந்தக் குடும்பம் விட்டிருக்கலாம். விடவில்லை.

நவம்பர் 12, இரவு

பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸை மேலே சொல்லாமல் விட்டேன். 2,400 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் அந்தந்த ஆண்டு போரில் இறந்தவர்களைக் குலவாரியாகக் கல்லில் எழுதினார்கள். இறுதி ஊர்வலத்தில் உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு பாடையைக் காலியாகவே சுமந்து போவார்கள். லூவர் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பட்டியல் கல் இருக்கிறது. இவர்கள் சைப்ரஸில், எகிப்தில், பினீசியாவில், இன்னும் சில இடங்களில் ஒரே ஆண்டில் இறந்தவர்கள் என்று தொடங்கி அப்புறம் பெயர், பெயர், பெயர்.

நம் நடுகல்லும் அப்படித்தான் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். உண்மை. புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்லில், கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனின் பெயர் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. அதை அடுத்த குறிப்பில் வேறு ஒன்றோடு சேர்த்துச் சொல்கிறேன். இப்போது அதைச் சொன்னால் கோபத்தில் எழுதுவேன்.

நவம்பர் 14

பெயர் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? பாஸ்ராதான் பதில்.

முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாமல் போன 40,000க்கு மேற்பட்டவர்களுக்காக 1929இல் அங்கே நினைவகம் திறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி இந்தியர்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர் பலகையில் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகள் பெயர் மட்டும் இருந்தது. சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் பெயர், அதன் கீழே "இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்" என்று ஒரு எண்ணிக்கை.

பிரான்சில் நியூவ் ஷாப்பெல் நினைவகத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர் முழுதாக இருக்கிறது. அது 1927. ஆக, எழுத முடியாமல் இல்லை. ஐரோப்பாவில் எழுதினார்கள், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல இடங்களில் எழுதவில்லை. ஒரே அளவுக் கல் என்று நான் மேலே பாராட்டிய அதே ஆணையம்தான். 2021இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது. இந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, எகிப்து, சோமாலியாவைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும்கூட, பெயர் எங்கும் எழுதப்படவில்லை, அல்லது எந்த நினைவுமே இல்லை.

இப்போது நடுகல். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம், மகேந்திரவர்மன் காலம். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு நின்று திருடர் இருவரைக் கடித்த நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது: கோவிவன்.

1,400 ஆண்டுக்கு முன் மாடு மீட்கும் சண்டையில் ஒரு நாயின் பெயரைக்கூட எழுதி வைத்தார்கள். 1929இல் ஒரு பேரரசு தன் சீருடை போட்டுச் செத்த மனிதர்களை எண்ணிக்கையாக எழுதி வைத்தது. எனக்கு இது ஆறவே ஆறாது.

நவம்பர் 15

பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்று ஒரு கிளைப் பேச்சு ஓடுகிறது. அகரவரிசை என்றால் தேடுகிறவர்களுக்கு எளிது, நானும் நெடுநாள் அந்தக் கட்சிதான்.

வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சுவரைப் பற்றி யோசித்தபோதுதான் மனம் கொஞ்சம் மாறியது. 1982இல் திறந்தது. வடிவமைத்த மாயா லின் போட்டியில் வென்றபோது 21 வயது மாணவி. கறுப்புக் கிரானைட்டில் 58,000க்கு மேல் பெயர்கள், பதவி கிடையாது, இறந்த தேதி வரிசை. நடு மூலையில் முதல் பெயர் தொடங்கி ஒரு பக்கமாகப் போய், மறு கோடியிலிருந்து திரும்பி, கடைசிப் பெயர் அதே நடு மூலையில் வந்து சேரும். அகரவரிசை வேண்டும் என்று பலர் சண்டை போட்டார்கள். போட்டிருந்தால் ஸ்மித் மட்டுமே நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றிருப்பார்கள். தேதி வரிசையில் ஒரே சண்டையில் ஒன்றாக விழுந்தவர்கள் சுவரிலும் ஒன்றாக இருக்கிறார்கள். உயிரோடு திரும்பியவன் அங்கே போனால் தன் செக்‌ஷன் மொத்தத்தையும் ஓரிடத்தில் பார்ப்பான். குடும்பத்துக்கு அகரவரிசை உதவும், கூட்டாளிக்குத் தேதி வரிசை. நான் கூட்டாளி. அதனால் என் ஓட்டு இப்போது தேதி வரிசைக்கு. ஒரு பெயரைத் தேட இன்னும் பத்து நிமிடம் ஆனால் என்ன?

அந்தச் சுவரில் பெயருக்குப் பக்கத்தில் குறிகள் உண்டு. இறந்தது உறுதி என்றால் வைர வடிவம், காணாமல் போனவர் என்றால் சிலுவைக் குறி. உடல் கிடைத்தால் சிலுவையின் மேலேயே வைரத்தைச் செதுக்குவார்கள். உயிரோடு வந்தால் சிலுவையைச் சுற்றி வட்டம் போடுவதாக ஏற்பாடு. இன்றுவரை ஒரு வட்டம்கூடப் போட வேண்டி வரவில்லை.

நவம்பர் 15, தொடர்ச்சி

எழுத்துப்பிழை பற்றிக் கேட்டவருக்கு: உண்டு, நிறைய உண்டு. குறிப்பாக நம் ஆட்களுக்கு. நம் இனிஷியல் முறை ராணுவப் படிவத்தில் சரியாக உட்காராது. அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும், இனிஷியல் நடுவில் போய் நிற்கும், சில இடத்தில் அப்பா பெயராலேயே ஆளைக் கூப்பிடுவார்கள்.

என் நண்பனுக்காகப் பின்னாளில் ஓரிடத்தில் வைத்த நினைவுக் கல்லில் இனிஷியலே தவறு. திறப்பு விழா முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அவன் அம்மா கல்லை விரலால் தடவிக்கொண்டே, "இது அவங்க அப்பா எழுத்து இல்லையேப்பா" என்றார். வைத்தவர்களிடம் சொன்னோம். ஒரு எழுத்துதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். கடைசியில் நாங்கள் சிலர் சேர்ந்து கல் வேலைக்காரரை அழைத்துப் போனோம். செதுக்கின எழுத்தைத் தூர்க்க முடியாது, மெழுகிப் பூசினால் இரண்டு மழையில் உதிர்ந்துவிடும் என்றார். பலகையை இறக்கி, எழுத்தின் ஆழம் மறையும்வரை முகத்தை முழுக்கத் தேய்த்து, பாலிஷ் போட்டு, எல்லா வரியையும் முதலிலிருந்து வெட்டினார். ஒரு எழுத்துக்காக மொத்தக் கல்லும். கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

ஒரு எழுத்துதானே என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

நவம்பர் 17

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "பெயர் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லைத் தாண்டி நாம் என்ன செய்ய முடியும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவன் இறந்த தேதியில் அவன் அம்மாவுக்கு போன் செய்வேன். ஆரம்பத்தில் என்ன பேசுவது என்றே தெரியாது. வீரம், தியாகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைச் சொல்வேன், அவர் "ம்" கொட்டுவார். ஒரு தடவை நடுவில் நிறுத்தி, "அன்னிக்கு அவன் சாப்பிட்டானாப்பா?" என்று கேட்டார். மேடைகளில் அத்தனை பேர் பேசினார்களே, ஒருவரும் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தேன். "சாப்பிட்டாம்மா. ரொட்டி ஆறிப்போச்சுன்னு திட்டிக்கிட்டே சாப்பிட்டான்" என்றேன். அப்புறம் அந்தக் கடைசி நாளை முழுக்கக் கேட்டார். மீசை வைத்திருந்தானா, யாரோடு பேசிக்கொண்டிருந்தான், கால் வெடிப்புக்கு அவர் அனுப்பிய மருந்தைப் போட்டானா. அன்றிலிருந்து நான் வீரம் பேசுவதில்லை. அவனைப் பேசுகிறேன்.

ஆகவே நண்பரே, உங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஏதாவது இருந்தால், ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் மேடையில் ஏற்றிச் சால்வை போடுவதோடு விடாதீர்கள். சாதாரண நாளில் போய் அவனைப் பற்றிக் கேளுங்கள். பேசினால் அவர்களுக்கு வலிக்கும் என்று பயந்து எல்லாரும் அவன் பேச்சையே எடுப்பதில்லை. எடுக்காமல் இருப்பதுதான் அதிகம் வலிக்கிறது என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்.

நவம்பர் 20

கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெசபொடேமியா போய்த் திரும்பவில்லை, எங்கே தேடுவது என்று கேட்டவருக்கு.

போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பாஸ்ராவில் பலகையில் விட்டுப்போன இந்தியச் சிப்பாய்களில் பலரின் பெயர் இன்று அந்தப் பதிவில் இருக்கிறது. பெயரை மட்டும் போட்டால் கிடைக்காது. அந்தக் காலத்து வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முருகனை நாலு விதமாக எழுதிப் பாருங்கள், இனிஷியலை விட்டுவிடுங்கள், அப்பா பெயரைக்கூட ஆள் பெயராகப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நம்பரும் ரெஜிமெண்ட்டும் பொறித்திருக்கும். நம்பர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தியச் சிப்பாய்களின் பதிவு பலவற்றில் அப்பா பெயரும் ஊரும் இருப்பதால் அவர்தானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

பதிவே இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இருக்கும்போது இறந்தவர் என்று ஆவணத்தோடு காட்டினால் பெயரைச் சேர்க்கச் சொல்லி அவர்களிடமே விண்ணப்பிக்கலாம். இரண்டாம் உலகப் போர் என்றால் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. பழைய பென்ஷன் தாள், இறப்புத் தகவல் வந்த கடிதம், எது இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். படிக்க முடியாத இடங்களைப் படித்துத் தர நானும் இங்கே இன்னும் சிலரும் இருக்கிறோம்.